முதல் சவரக்கத்தியை மழிக்கும் பதத்துக்குக் கொண்டுவருவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மடக்குச் சவரக்கத்தி வாங்கியவர்கள் முதல் மாதத்தில் கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். அரைப் பிளேடு செருகி, மழுங்கியதும் எறிந்துவிட்டு மாற்றும் கத்திக்கு இதில் எதுவும் பொருந்தாது. அதைத் தீட்ட வேண்டிய தேவையே இல்லை.

புதுசாத்தானே வாங்கினேன். பெட்டியிலிருந்து எடுத்ததும் மழிக்க வேண்டாமா?

பல தயாரிப்பாளர்கள் எந்திரத்தில் விளிம்பு வைத்து அனுப்புவதோடு சரி. அது காகிதத்தை அழகாகக் கிழிக்கும், முகத்தில் வைத்தால் முடியைப் பிடித்து இழுக்கும். கையால் கல்லில் முடிக்கும் வேலைக்கு நேரம் பிடிக்கும் என்பதால் அதை வாங்குபவர் தலையில் விட்டுவிடுகிறார்கள்.

விற்றவர் "கையால் தீட்டி, மழிக்கத் தயாராக அனுப்புகிறோம்" என்று சொல்லியிருந்தால் கல்லைத் தொடாதீர்கள். தோல் வாரில் (கத்தியை ஓட்டிப் பதமாக்கும் தோல் பட்டை) மட்டும் ஓட்டி, கன்னத்தில் மழித்துப் பாருங்கள். முதல் கத்தியை இப்படித் தீட்டிய நிலையில் வாங்குவதில் ஒரு லாபம் உண்டு: நல்ல பதம் முகத்தில் எப்படி இருக்கும் என்று தெரிந்துவிடும். அது தெரியாமல் தீட்டுகிறவருக்கு எங்கே நிறுத்துவதென்றே தெரியாது.

கத்தியைக் கல்லில் எத்தனை டிகிரி சாய்த்துப் பிடிக்கணும்?

சாய்க்கவே வேண்டாம். கத்தியைக் கல்லில் படுக்கப் போடுங்கள். தடித்த முதுகும் மெல்லிய வாயும் ஒரே நேரத்தில் கல்லைத் தொடும். முதுகின் தடிமனே கோணத்தைத் தீர்மானித்துவிடுகிறது. 20 மி.மீ. அகலமும் 5.5 மி.மீ. முதுகும் உள்ள கத்தியில் இரண்டு பக்கமும் சேர்ந்த கோணம் ஏறத்தாழ 16 டிகிரி வரும். முதுகைக் கல்லிலிருந்து ஒரு மயிரிழை தூக்கினாலும் அந்தக் கணக்கு போயிற்று.

இனி வரும் பதில்களுக்காகச் சில பெயர்கள்: வெட்டும் விளிம்பு 'வாய்'. பிடியை ஒட்டிய முனை 'அடி', எதிர்முனை 'நுனி'. வாயை ஒட்டி இரு பக்கமும் கல் தேய்த்த பளபளப்பான ஒடுக்கமான பட்டை 'சரிவு'. போக ஒருமுறை, வர ஒருமுறை சேர்ந்தது ஒரு 'சுற்று'.

என்னென்ன கல் வேணும்? ஒரே கல்லில் முடியாதா?

ஒரே கல்லில் முடியாது. கல்லின் எண் கூடக்கூட அதன் மணல் சன்னம். 1000 எண் கல் சரிவை உருவாக்கும். 4000 அல்லது 5000 அதன் கீறல்களைச் சன்னமாக்கும். 8000 மழிக்கும் கூர்மையைத் தரும். 12000 அந்தக் கூர்மையை முகத்துக்கு இதமாக்கும். கையிருப்பு குறைவென்றால் 1000 ஒன்று, ஒரு பக்கம் 4000, மறுபக்கம் 8000 உள்ள இரட்டைக் கல் ஒன்று, ஒரு தோல் வார். இவை போதும்.

கல்லுக்குப் பதில் லேப்பிங் ஃபிலிம் என்னும் மெல்லிய உரசுத்தாளைத் தடித்த கண்ணாடியில் ஒட்டியும் தீட்டலாம். 12, 5, 3, 1 மைக்ரான் என்று இறங்கிப் போகவேண்டும். கண்ணாடி எப்போதும் தட்டையாக இருக்கும் என்பதால் புதியவருக்கு இது மோசமான வழி அல்ல. தாள் சீக்கிரம் தேய்ந்துவிடும், அவ்வளவுதான்.

சமையல் கத்தி தீட்டுற கல் வீட்டில் இருக்கு. அது போதுமா?

1000 எண் உள்ள தண்ணீர்க் கல்லாக இருந்தால் முதல் கட்டத்துக்குப் போதும். ஆனால் சமையல் கத்தி தீட்டிய கல் நடுவில் குழிந்திருக்கும். சமையல் கத்தி அதைப் பொறுத்துக்கொள்ளும், சவரக்கத்தி பொறுக்காது.

கல் முழுக்கப் பென்சிலால் கட்டம் போடுங்கள். தட்டையான கண்ணாடியில் 220 முதல் 400 எண்ணுக்குள் உள்ள தண்ணீர் உப்புத்தாளை ஒட்டி, நீர் ஊற்றி, கல்லை அதன்மேல் தேயுங்கள். கட்டக் கோடுகள் எல்லா இடத்திலும் மறைந்தால் கல் தட்டை. நடுவில் மட்டும் கோடு நின்றால் அங்கே பள்ளம், இன்னும் தேய்க்க வேண்டும். புதுக் கல்லுக்கும் இதைச் செய்யுங்கள், ஓரங்களையும் லேசாக மழுக்கிவிடுங்கள். பிறகு கல்லை நன்றாகக் கழுவவும். உப்புத்தாளின் ஒரு மணல் ஒட்டியிருந்தாலும் வாயில் பல் (சிறு உடைவு) விழும்.

கல்லை ஊற வைக்கணுமா?

கல்லைப் பொறுத்தது. நுண்துளைகள் அதிகமுள்ள கல்லைக் குமிழி வருவது நிற்கும்வரை, சுமார் 10 முதல் 15 நிமிடம், ஊறவிடவேண்டும். சில கற்களுக்கு மேலே நீர் தெளித்தாலே போதும், ஊறினால் விரிசல் விட்டுக் கெட்டுப்போகும். கல்லோடு வந்த குறிப்பில் எது என்று போட்டிருக்கும்.

முதுகில் டேப் ஒட்டணும்னு ஒருத்தர் சொல்றார், கூடவே கூடாதுன்னு இன்னொருத்தர். எது சரி?

இரண்டும் நடக்கும். டேப் ஒட்டினால் முதுகு தேயாது, வேலைப்பாடு உள்ள முதுகு காப்பாற்றப்படும். ஒட்டாவிட்டால் வாயும் முதுகும் சேர்ந்தே தேய்ந்து கோணம் மாறாமல் நிற்கும். மின்கம்பிக்குச் சுற்றும் சாதாரண இன்சுலேஷன் டேப் ஒரு படலம் ஒட்டினால் மொத்தக் கோணம் ஏறத்தாழ 1 டிகிரி கூடும். அது பிரச்சினையே இல்லை.

நடுவில் மாற்றுவதுதான் பிரச்சினை. 1000 கல்லில் டேப் இல்லாமல் தேய்த்துவிட்டு 8000-இல் டேப் ஒட்டினால் கோணம் வேறு. டேப்போடு தேய்த்துவிட்டுப் பின்னால் எடுத்துவிட்டால் இன்னும் மோசம், மேல்கல் (எண் கூடிய அடுத்த கல்) வாயைத் தொடவே தொடாது. ஒட்டினால் ஆரம்பத்திலிருந்து முடிவுவரை ஒட்டுங்கள். கல் மாறும்போதெல்லாம், டேப் தேய்ந்து உலோகம் தெரியுமுன், புது டேப் ஒட்டுங்கள்.

கல்லில் எப்படித் தள்ளணும்? கை நடுங்குது.

கல்லின் நீளவாக்கு உங்களுக்கு எதிரே இருக்கட்டும். வாய் முன்னால் போகும்படி, அதாவது கல்லின்மேல் மெல்லிய தோலைச் சீவி எடுப்பதுபோல், தள்ளுங்கள். அடி கல்லில் தொடங்கி, தள்ளத் தள்ளக் கத்தி குறுக்காக நகர்ந்து, கல்லின் மறுகோடியில் நுனி முடியவேண்டும். கோடியில் வாயைத் தூக்கி முதுகின் மேலேயே புரட்டி, மறுபக்கத்தை அதேபோல் உங்களை நோக்கி இழுங்கள். இரண்டு பக்கத்துக் கோடுகளையும் சேர்த்து வரைந்தால் பெருக்கல் குறி வரும். வாயின் மேல் ஒருபோதும் புரட்டக்கூடாது.

பிடியை முழுக் கையால் இறுக்காமல், அலகுக்கும் பிடிக்கும் இடையிலுள்ள கழுத்தைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடியுங்கள். புரட்டுவது விரல்களில்தான், மணிக்கட்டில் அல்ல. சரியாக ஓடுகிறதா என்று நீரே காட்டும். கல்மேல் உள்ள நீர் வாய் முழுநீளத்திலும் அலகின் மேல் ஏறிவந்தால் வாய் கல்லைத் தொடுகிறது. ஓரிடத்தில் நீர் அடியில் நழுவிப் போனால் அங்கே தொடவில்லை. கை நடுக்கம் ஐம்பது சுற்றில் தானாக அடங்கிவிடும். வேகம் மட்டும் வேண்டாம்.

1000 கல்லில் எத்தனை தடவை? எப்போ நிறுத்தணும்?

இதற்கு எண்ணிக்கை கிடையாது. 60 சுற்றிலும் முடியலாம், 300-உம் ஆகலாம். இரண்டு பக்கத்துச் சரிவும் ஒரே கோட்டில் சந்திக்கும்வரை 1000 கல்லைவிட்டு நகரக்கூடாது. மேல்கற்கள் மெருகுதான் போடும், சந்திக்காத சரிவை அவை சந்திக்க வைக்காது. "8000 வரை போனேன், மழிக்கவில்லை" என்று வருபவர்களில் பெரும்பாலோர் 1000-இல் பாதியில் எழுந்து வந்தவர்கள்தான்.

ஏமாறாமல் இருக்க ஒரு வழி: தொடங்குமுன் கண்ணாடிக் குவளையின் பக்கவாட்டில் வாயை அதன் எடையிலேயே ஒருமுறை இழுத்து வேண்டுமென்றே மழுக்கிவிடுங்கள். மனசு வராதுதான். ஆனால் தொழிற்சாலை வைத்த பழைய கூர் போய்விடுவதால், பிறகு வரும் கூர்மை உங்கள் சரிவிலிருந்து வந்தது என்று உறுதியாகும். பிறகு ஒரு பக்கம் மட்டும் முன்னும் பின்னுமாக 30 முறை, மறுபக்கம் 30, அடுத்து 20 முழுச் சுற்று. இதைத் திரும்பத் திரும்பச் செய்து, ஒவ்வொரு தொகுப்புக்குப் பிறகும் சோதியுங்கள். சுண்டுவிரல் எடை அளவு அழுத்தம் கொடுக்கலாம், அதற்குமேல் வேண்டாம். இரு பக்கமும் குழிவாகக் குடைந்த மெல்லிய அலகு அழுத்தினால் வளையும். அப்போது சரிவின் பின்பகுதி தேயும், வாய் அப்படியே இருக்கும்.

சோதனைகள் மூன்று. சரிவில் மார்க்கர் மை பூசி 2 சுற்று ஓட்டிவிட்டு 10 மடங்கு உருப்பெருக்கியில் பாருங்கள். வாயின் விளிம்பில் மை மிச்சமிருந்தால் கல் இன்னும் அங்கே எட்டவில்லை. அடுத்து, வாயை மேல்நோக்கி விளக்கின் கீழ் பிடித்து நேராக மேலிருந்து பாருங்கள். கூரான வாய் ஒளியைத் திருப்பாது, வெள்ளைக் கோடோ புள்ளியோ மின்னினால் அந்த இடம் மொக்கை. கடைசியாக, முன்கை முடியைத் தோலை ஒட்டி மழியுங்கள். அடியிலிருந்து நுனிவரை, ஒவ்வொரு செ.மீ.யிலும், எளிதாக மழிக்கவேண்டும். ஓரிடம் தவறினாலும் அடுத்த கல்லுக்குப் போகாதீர்கள்.

அதுக்கப்புறம் ஒவ்வொரு கல்லிலும் எத்தனை சுற்று?

4000-இல் 30 முதல் 50 சுற்று. 1000-இன் கரடான கீறல்கள் உருப்பெருக்கியில் மறையவேண்டும். 8000-இல் 30 சுற்று, 12000-இல் 15 முதல் 30. மேலே போகப்போக அழுத்தம் குறையவேண்டும். கடைசிப் பத்துச் சுற்று கத்தியின் சொந்த எடை மட்டும்தான். ஒவ்வொரு கல்லுக்கும் இடையில் கத்தி, கை, மேசை எல்லாவற்றையும் கழுவுங்கள், கீழ்க்கல்லின் துகள் மேல்கல்லில் ஏறக்கூடாது.

தலைமுடியைத் தொங்கவிட்டு வெட்டுற சோதனையில் என் கத்தி தோத்துப்போச்சு. கூர் இல்லைன்னு அர்த்தமா?

அவசியம் இல்லை. அலசிய தலைமுடியின் வேர்முனையைப் பிடித்து, விரலிலிருந்து 1–2 செ.மீ. தள்ளி வாயின்மேல் வைத்தால் 'பட்' என்று அறுபடவேண்டும் என்பது சோதனை. முடியின் தடிமன், ஈரம், பிடித்த முனை ஆகியவற்றால் முடிவு மாறும். ஒரே ஆளின் முடியில் நேற்றைக்கும் இன்றைக்கும் ஒப்பிட மட்டும் பயன்படுத்துங்கள். தீர்ப்புச் சொல்லும் உரிமை கன்னத்துக்குத்தான்.

கட்டைவிரல் நகத்தில் வாயை இழுத்துப் பார்ப்பதை 1000 கல்லோடு நிறுத்திக்கொள்ளவும். 8000-க்குப் பிறகு செய்தால் பாடுபட்டு வந்த பதம் நகத்திலேயே போய்விடும்.

தோல் வார் அவசியமா? பழைய பெல்ட் இருக்கே.

அவசியம். கல்லிலிருந்து இறங்கிய வாயில் கண்ணுக்குத் தெரியாத பிசிறுகள் நிற்கும். தோல் அவற்றை நேராக்கி மென்மையாக்கும். கல் முடிந்ததும், துணி வார் இருந்தால் அதில் 20 சுற்று, பிறகு தோலில் 50 சுற்று. அதன்பின் ஒவ்வொரு மழிப்புக்கு முன்னும் தோலில் 40 முதல் 60. கல்லில் போனதற்கு நேர்மாறாக, இங்கே முதுகு முன்னால் போகவேண்டும், வாய் பின்தொடரவேண்டும். கோடியில் முதுகைத் தோலிலிருந்து எடுக்காமல் புரட்டிவிட்டுத் திரும்புங்கள். வார் தொய்ந்தால் வாய் உருண்டுபோகும், இழுத்துப் பிடியுங்கள்.

பெரும்பாலான பெல்ட்டுகளில் மேலே நெகிழிப் பூச்சோ அச்சோ இருக்கும், உதவாது. பூச்சில்லாத வழவழப்பான தோலாக இருந்தால் 50 மி.மீ. அகலத்துக்குக் குறையாமல் நறுக்கி, தட்டையான மரப்பலகையில் ஒட்டிக்கொள்ளலாம். தொங்கும் வாரைவிடப் பலகை புதியவருக்குச் சுலபமும்கூட.

வாரில் கத்தி பட்டு வெட்டு விழுந்துடுச்சு.

எல்லோருக்கும் விழும். புரட்டும்போது முதுகு தூக்கியதால் வந்தது. மேலோட்டமான வெட்டு என்றால் எழும்பிய ஓரத்தை 400 எண் உப்புத்தாளால் சமன் செய்தால் போதும். ஓரம் எழும்பி நின்றால்தான் வாயைக் கெடுக்கும், பள்ளம் கெடுக்காது. அதனால் முதல் வார் விலை குறைந்ததாக இருக்கட்டும்.

பச்சைப் பசை பூசினால் கல்லே வேண்டாம்னு சொல்றாங்களே?

அது குரோமியம் ஆக்சைடு. சவரக்கத்திக்கு 0.5 மைக்ரான் அளவில் கிடைக்கும். ஏற்கெனவே மழிக்கிற கத்தி லேசாக மந்தமானால் 5 முதல் 10 சுற்றில் உயிர் கொடுக்கும். சரிவு இல்லாத கத்திக்கு அதனால் எதுவும் ஆகாது. தினமும் பூசி ஓட்டினால் வாய் உருண்டு, கடைசியில் 1000 கல்லுக்கே திரும்ப வேண்டிவரும். தினசரித் தோலில் தடவாமல், தனித் துணியிலோ பால்சா என்னும் மென்மரத் துண்டிலோ மிக மெல்லியதாகத் தடவுங்கள். பசை தொட்ட கத்தியைத் துடைத்துவிட்டுத்தான் வெறும் தோலுக்குக் கொண்டுவரவேண்டும்.

கையில் முடி எடுக்குது, முகத்தில் இழுக்குது. ஏன்?

தாடி முடி கைமுடியைவிட நன்றாகவே தடித்தது. கைமுடிச் சோதனை 1000 கல்லுக்கான தேர்வு, அதில் தேறினால் மழிக்கும் பதம் வந்துவிட்டது என்று பொருளில்லை.

கத்தியைக் குறை சொல்லுமுன் பிடிக்கும் விதத்தைப் பாருங்கள். முதுகு தோலிலிருந்து இரண்டு முதுகுத் தடிமன் அளவே விலகி, சுமார் 30 டிகிரி சாய்வில் இருக்கவேண்டும். நிமிர்த்திப் பிடித்தால் எப்பேர்ப்பட்ட கத்தியும் சுரண்டும். மறுகையால் தோலை இறுக்கி இழுங்கள். தாடி வெந்நீரில் 2–3 நிமிடம் ஊறி, நுரை ஈரமாக இருக்கட்டும். இத்தனையும் சரியாக இருந்தும் கன்னத்திலேயே இழுத்தால், மார்க்கர் சோதனையை மறுபடி செய்யுங்கள். மை நன்றாகப் போகிறது என்றால் 8000-இல் இன்னும் 20 சுற்று. போகவில்லை என்றால் 1000 கல் உங்களைக் கூப்பிடுகிறது. மழிக்கிறது ஆனால் எரிகிறது என்றால் கூர்மை உண்டு, இதம் இல்லை. 12000-இலும் தோலிலும் வேலை பாக்கி.

நடுவில் நல்லா வெட்டுது, அடிப்பக்கம் மட்டும் வெட்டவே மாட்டேங்குது.

அடிக்கு அருகே அலகின் இருபுறமும் ஒரு மேடான வரம்பு இருக்கும். அது கல்லின்மேல் ஏறினால் அடிப்பகுதி அந்தரத்தில் நிற்கும், கல்லைத் தொடாது. புதியவர்கள் இதைக் கவனிக்காமல் அங்கே அழுத்துவார்கள். வரம்பு தேயும், அடியில் கொக்கிபோல் ஒரு முனை நீட்டிக்கொள்ளும், அந்தக் கொக்கி காதோரத்தைக் கிழிக்கும்.

வரம்பு கல்லின் ஓரத்துக்கு வெளியே 3–4 மி.மீ. தள்ளியே இருக்கும்படி தொடங்குங்கள். அலகை நேராக வைக்காமல் அடி சற்று முந்திப்போகும்படி சாய்த்துத் தள்ளினாலும் பலன் தெரியும். நுனி மட்டும் வெட்டாவிட்டால் பெரும்பாலும் குறுக்கு நகர்வு முடியுமுன்பே கத்தியைத் தூக்கிவிடுகிறீர்கள்.

நல்லா மழிச்சது. இன்னும் கூர் வரட்டும்னு தீட்டினேன், கெட்டுப்போச்சு.

மேல்கல்லில் அழுத்தத்தோடு நூற்றுக்கணக்கில் ஓட்டினால் வாய் தாள்போல் மெலிந்து, மடிந்து, உதிரும். உருப்பெருக்கியில் நுண்ணிய பற்கள் தெரியும். குவளையின் பக்கத்தில் மிக லேசாக ஒருமுறை இழுத்து அந்தப் பலவீனமான விளிம்பை நீக்குங்கள். சரிவு இன்னும் அங்கேதான் இருக்கிறது, ஆகவே 4000-இலிருந்து தொடங்கினால் போதும். எடையில்லாத 20–30 சுற்று, கைமுடி மழிக்கிறதா என்று பார்த்துவிட்டு மேலே.

சாணைச் சக்கரத்தில் கொடுத்து ஒரே நிமிஷத்தில் முடிச்சா என்ன?

கத்தி முடிந்துவிடும். மெல்லிய வாய் நொடியில் சூடேறும். நீலம் பூத்தால் அந்த இடம் 300 டிகிரி செல்சியஸ் அருகே போயிருக்கிறது, எஃகின் கடினம் போயிற்று, இனி கூர் நிற்காது. முதுகு வைத்துத் தந்த கோணமும் சக்கரத்தில் கிடைக்காது.

பழைய கத்தி ஒண்ணு கிடைச்சது. துரு இருக்கு, வாயில் பல்லும் விழுந்திருக்கு. இதில் பழகலாமா?

அலகின் உடம்பில் உள்ள துரு அழகுக் குறை மட்டும். வாயை ஒட்டிய துருப்புள்ளிதான் ஆபத்து. தேய்க்கத் தேய்க்க உள்ளே பள்ளம் வெளிப்பட்டுப் புதிதாகப் பல் விழும். மயிரிழை விரிசல் தெரிந்தால் அந்தக் கத்தியைப் பயன்படுத்தவே வேண்டாம். 1 மி.மீ.க்கு மேல் ஆழமான பல் முதல் வேலைக்கு ஏற்றதல்ல. வாய் நடுவில் உள்வாங்கி வளைந்திருந்தால் கல் அதன் நடுவைத் தொடாது, அதுவும் வேண்டாம்.

தேறும் என்று தோன்றினால் அலகை 70 சதவீத ஆல்கஹாலால் துடைத்துவிட்டு வேலை தொடங்கவும். பிடி பழைய செல்லுலாய்டாக இருந்து, நிறம் மங்கி நொறுங்கத் தொடங்கியிருந்தால் பிடியை மாற்றுங்கள். சிதையும் செல்லுலாய்டு விடும் அமில ஆவி அலகைத் துருப்பிடிக்க வைக்கும், பக்கத்தில் வைத்த கத்திகளையும் சேர்த்து.

விலை மலிவான கத்தி, வாரக்கணக்காகத் தீட்டுறேன். தப்பு என் கையிலா கத்தியிலா?

கத்தியைக் கண்ணாடிமேல் படுக்க வைத்து நான்கு மூலையிலும் விரலால் தட்டுங்கள். ஆடினால் அலகு முறுக்கியிருக்கிறது. லேசான முறுக்கைக் குறுக்கு நகர்வு சமாளிக்கும், அதிகமானால் முடியாது. சரிவின் அகலம் ஓரிடத்தில் 1 மி.மீ., இன்னோரிடத்தில் 3 மி.மீ. என்று இருந்தாலும் அதே கதைதான். நல்ல சவரக்கத்தியின் எஃகு, கடினத்தைச் சொல்லும் ராக்வெல் அளவில் 60-ஐ ஒட்டி இருக்கும். மிருதுவான எஃகு கல்லில் கூராகும், ஒரு கன்னம் முடிவதற்குள் மழுங்கும். மார்க்கர், ஒளி, கைமுடி மூன்று சோதனையிலும் தேறிய பிறகும் முதல் மழிப்பிலேயே பதம் போனால், தப்பு உங்கள் கையில் இல்லை.

ஒரு தடவை தீட்டினால் எத்தனை நாள் தாங்கும்?

தினமும் மழிப்பவருக்கு, வாரில் ஒழுங்காக ஓட்டினால், இரண்டு மூன்று மாதம். இழுக்க ஆரம்பித்ததும் 12000-இல் 10–15 சுற்று அல்லது பச்சைப் பசையில் சில சுற்று போதும். சரிவு கெடாதவரை 1000 கல்லை மறுபடி எடுக்கவேண்டிய அவசியமே வராது. மழித்து முடித்ததும் வாயைத் தேய்க்காமல் துடைத்து, நீர் முழுதும் உலர்ந்தபின் மடக்குங்கள். ஈரத்தோடு மடக்கிய கத்தி மழுங்குவதற்கு முன்பே துருவால் கெடும். சில வாரம் எடுக்கமாட்டீர்கள் என்றால் அலகில் ஒரு துளி மினரல் ஆயில் தடவி வையுங்கள். அடுத்தமுறை வாரில் ஏற்றுமுன் அந்த எண்ணெயைத் துடைக்க மறக்கவேண்டாம்.